பழைய பாணியில் இன்று வாசிப்பவர்கள்

பழைய இசைத்தட்டுகளை மட்டுமே கேட்பவர்களுக்கு ஒரு சந்தோஷம் கிடைப்பதே இல்லை. பிடித்த பாடகரின் அடுத்த ஆல்பம் எப்போது வரும் என்று காத்திருக்கும் சந்தோஷம் அது. 1920-களின் ஜாஸ், 30-களின் ஸ்விங், 50-களின் ராக் அண்ட் ரோல், 60-களின் சோல் என்று எந்தக் காலத்தைப் பிடித்துக்கொண்டாலும், அந்தக் கணக்கு என்றைக்கோ முடிந்துவிட்டது. தோண்டினால் இன்னும் புதையல் வரும், உண்மைதான். ஆனால் பாடியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. மேடைக்கு முன்னால் போய் நின்று கேட்க வழியில்லை.

அதனால், "இப்போதெல்லாம் யார் இப்படி வாசிக்கிறார்கள்?" என்று யாராவது அலுத்துக்கொண்டால் எனக்குப் பொறுக்காது. வாசிக்கிறார்கள். நிறையப் பேர் வாசிக்கிறார்கள், அதிலும் அபாரமாக வாசிக்கிறார்கள். விண்டேஜ் உடை, சிகை, நடனம் என்று அந்தக் காலத்தின் மேல் ஆசை வைத்திருக்கும் நண்பர்களிடம் நான் ஓயாமல் சொல்லிவரும் பெயர்களை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பதிவு செய்த பாட்டின் மேல் ஊசி கீறும் சத்தத்தைத் தூவிவிட்டால் அது பழைய இசை ஆகிவிடாது. அந்தக் காலத்து ஒலி, அந்தக் காலத்து வேலைமுறையிலிருந்து பிறந்தது. 1925-இல் மின்சார ஒலிப்பதிவு வரும்வரை மைக்கே கிடையாது. ஒரு பெரிய கூம்பின் முன்னால் எல்லோரும் கூடி நின்று வாசிக்க வேண்டும். குரலை ஓங்கிப் பாட வேண்டும். டிரம்பெட்காரர் பின்னால் தள்ளி நிற்பார். ட்ரம்ஸை முழு பலத்தோடு அடித்தால் பதிவுக்கான மெழுகுத் தட்டில் ஓடும் ஊசி துள்ளிவிடும் என்பதால் அடக்கித்தான் வாசிக்க முடியும். அடித்தொனி கொடுக்கும் பெரிய வாத்தியமான தந்தி பாஸின் ஒலி கூம்பில் சரியாக ஏறாது, அதனால் பல பதிவுகளில் அந்த இடத்தை டூபா, பாஸ் சாக்ஸபோன் போன்ற பெரிய ஊதுவாத்தியங்கள் பிடித்துக்கொண்டன. மைக் வந்த பிறகும் பல வருடங்களுக்கு, தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் இடம். ஒருவர் தப்பாக வாசித்தால் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்படி வேலை செய்தவர்கள் ஒருவரை ஒருவர் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். பழைய பதிவுகளில் நம்மைக் கட்டிப்போடுவது அந்தக் கூர்மைதான் என்பது என் எண்ணம். புதிய குழு ஒன்றைக் கேட்கும்போது நான் தேடுவதும் அதையே. ஒரே அறையில், ஒரே மூச்சில், மற்றவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு வாசிக்கிறார்களா? அது இருந்தால் ஒலி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2017-இல் வெளிவந்த 'அமெரிக்கன் எபிக்' ஆவணப்படத் தொடருக்காக, நிக்கோலஸ் பெர்க் என்ற ஒலிப்பொறியாளர் 1920-களின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் பதிவுக் கருவியைப் பழைய பாகங்களைத் தேடித் தேடிச் சேர்த்து மறுபடி இயங்க வைத்தார். ஒரே ஒரு மைக். தட்டைச் சுழற்ற மோட்டார் இல்லை. கயிற்றில் தொங்கும் கனமான எடை மெல்லக் கீழே இறங்க, அதன் இழுவையில் தட்டு சுழலும். எடை தரையைத் தொடுவதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். எல்டன் ஜான், வில்லி நெல்சன், ராப் பாடகர் நாஸ், அலபாமா ஷேக்ஸ் என்று இன்றைய பெரிய பெயர்கள் அதன் முன்னால் நின்று பாடியிருக்கிறார்கள். ஸ்டூடியோவில் ஆயிரம் வசதிகளோடு பாடிப் பழகியவர்கள் அந்த மூன்று நிமிடத்துக்குக் கொடுக்கும் கவனத்தைப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அத்தனையும் அந்தக் கவனத்துக்குள் இருக்கிறது.

சரி, பெயர்களுக்கு வருவோம்.

1920-களின் ஜாஸ் பிடிக்கும் என்றால் டூபா ஸ்கின்னியிலிருந்து தொடங்குங்கள். 2009-இல் நியூ ஆர்லியன்ஸில் தெருவோரம் வாசித்துத் தொடங்கிய குழு. ஷே கோன் என்ற பெண், டிரம்பெட்டுக்கு நெருங்கிய உறவான கார்னெட் வாசிக்கிறார். 40-களில் பெயர் வாங்கிய சாக்ஸபோன் கலைஞர் அல் கோனின் பேத்தி. அவருடைய வாசிப்பில் 'என்னைப் பார்' என்ற தோரணை துளியும் கிடையாது. மெட்டைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை முன்னால் விட்டுக்கொண்டே போவார், ஆனால் குழு முழுவதும் அவர் கையில் இருக்கும். வாஷ்போர்டு (தாளம் தட்டப் பயன்படும் துணி துவைக்கும் பலகை), பாஞ்சோ, டூபா என்று தாளம் புரண்டு வர, எரிகா லூயிஸ் பாடும் பாட்டுகளில் ஒரு சோம்பலான சோகம் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டுகளை இவர்கள் அதிகம் தொடுவதில்லை. பழைய தட்டுகளின் பின்பக்கத்தில் மறந்துபோன பாட்டுகளைத் தேடி எடுக்கிறார்கள். வழிப்போக்கர்கள் எடுத்துப் போட்ட தெருக் காணொளிகள் யூடியூபில் குவிந்துகிடக்கின்றன. ஸ்டூடியோ ஆல்பங்களுக்கு முன்னால் அவற்றையே பாருங்கள் என்பேன்.

அதே காலத்தின் பளபளப்பான பக்கம் வேண்டும் என்றால் நியூயார்க்கின் வின்ஸ் ஜியார்டானோ. 1970-களிலிருந்து 'நைட்ஹாக்ஸ்' என்ற பெரிய வாத்தியக் குழுவை நடத்திவருகிறார். பாஸ் சாக்ஸபோன், டூபா, தந்தி பாஸ் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே பாட்டில் மாற்றி மாற்றி வாசிப்பார். சிறுவயதில் இவர் பாடம் கேட்டது பில் சாலிஸிடம். 20-களில் பால் வைட்மனின் புகழ்பெற்ற வாத்தியக் குழுவுக்கு இசைக்கோர்ப்பு எழுதிய அதே சாலிஸ்தான். அதாவது, அந்தக் காலத்து ஆளிடமே நேராகக் கற்றுக்கொண்ட வித்தை. ஜியார்டானோ சேர்த்துவைத்திருக்கும் பழைய இசைக்கோர்ப்புத் தாள்கள் 60,000-க்கும் மேல். 'போர்ட்வாக் எம்பயர்' தொலைக்காட்சித் தொடரின் இசைக்காக கிராமி வாங்கினார் என்பதும் நல்ல விஷயம், ஆனால் எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதை அந்தத் தாள்களுக்காக. அவர் தேடிச் சேர்த்திருக்காவிட்டால் அவற்றில் எத்தனையோ குப்பைக்குப் போயிருக்கும்.

பெர்லினில் மாக்ஸ் ராபேயும் பாலாஸ்ட் ஆர்கெஸ்டரும் 80-களின் நடுவில், மாணவர்களாக இருந்தபோது தொடங்கிய குழுவை இன்றுவரை கொண்டுவந்திருக்கிறார்கள். உடையழகுக்காக இசை கேட்பவர்களுக்குப் பாடகர் ராபேயைத்தான் முதலில் காட்டுவேன். வால் கோட்டு, வெள்ளை போ டை, ஒட்ட வாரிய முடி, அசையாத நிற்பு. குரலில் மட்டும் ஒரு மெல்லிய விளையாட்டு. மைக் வந்த பிறகுதான் காதோடு பேசுவதுபோல் பாட முடிந்தது. அந்த முறையின் இலக்கணத்தை இவரிடம் முழுசாகக் கேட்கலாம். ஆனால் அவர் பாடும் ஜெர்மன் பாட்டுகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அவற்றில் பலவற்றை எழுதியவர்கள், இசையமைத்தவர்கள் யூதர்கள். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டுப் போனார்கள். போக முடியாதவர்கள் கொல்லப்பட்டார்கள். பாடலாசிரியர் ஃபிரிட்ஸ் லோனர்-பேடா 1942-இல் ஆஷ்விட்ஸில் இறந்தார். இதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது அந்தக் குறும்பு வரிகள் வேறு மாதிரி காதில் விழுகின்றன.

ஸ்விங் விஷயத்தில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. நடனக்காரர்களை நம்புங்கள். ஹார்லெமின் சவாய் நடனக்கூடத்தில் 1930-களில், ஸ்விங் இசைக்கு ஜோடியாக ஆடும் லிண்டி ஹாப் நடனத்தை ஆடியவர்களில் முதன்மையானவர் ஃபிராங்கி மேனிங். அந்த இசை ஓய்ந்த பிறகு பல பத்தாண்டுகள் தபால் துறையில் வேலை பார்த்தார். 80-களில் இளைஞர்கள் தேடிப்போய்க் கேட்க, மறுபடி கற்றுக்கொடுக்கத் தொடங்கி, 2009-இல் இறக்கும்வரை உலகம் சுற்றினார். இன்று ஸ்விங் குழுக்கள் பிழைத்திருக்கின்றன என்றால் அதில் பெரும்பங்கு அந்த நடனக்காரர்களுடையது. அவர்கள் வேகத்தில் ஏமாற மாட்டார்கள். தாளம் முன்னே ஓடினாலோ கனத்துப்போனாலோ கால்கள் உடனே சொல்லிவிடும். நயோமி உயாமா போட்டிகளில் ஜெயித்த லிண்டி ஹாப் நடனக்காரர். அவரே பாடகியாகி 'நயோமி அண்ட் ஹர் ஹேண்ட்ஸம் டெவில்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஜோனதன் ஸ்டவுட், 30-களின் தாள கிட்டாரை அந்தக் காலத்து முறையிலேயே வாசிக்கிறார்: ஒலிபெருக்கி இல்லாமல், நாலு அடிக்கும் நாலு தட்டு, குழுவுக்கு அடியில் ஓடும் இதயத்துடிப்புபோல. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுப் பாருங்கள்.

90-களின் கடைசியில் அமெரிக்காவில் ஸ்விங் மோகம் ஒன்று அடித்தது. பிரையன் செட்ஸர் ஆர்கெஸ்ட்ரா அதில் பெரிய பெயர். அந்த அலையில் வந்த பல குழுக்களில் ராக்கின் கனம் அதிகம், எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஸ்குவரல் நட் ஸிப்பர்ஸ் மட்டும் விதிவிலக்கு. அவர்களின் 1996-ஆம் ஆண்டு ஆல்பமான 'ஹாட்' இன்றும் விநோதமாகவும் உயிரோடும் இருக்கிறது.

எலெக்ட்ரோ ஸ்விங்கைப் பற்றியும் கேட்பார்கள். பழைய தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, கிளப் தாளத்தோடு சேர்ப்பது. ஆஸ்திரியாவின் பாரோவ் ஸ்டெலர், பிரான்ஸின் காரவன் பாலஸ் இரண்டையும் கேட்டால் போதும், அந்த வகையின் நல்லது கெட்டது புரிந்துவிடும். விருந்தில் ஆட அருமையானது. உட்கார்ந்து கேட்க எனக்கு நாலு பாட்டுக்கு மேல் ஓடாது. இதற்குப் பக்கத்து வீடு என்று சொல்லக்கூடிய கேரோ எமரால்டு வேறு விஷயம். நெதர்லாந்துக்காரர். 2010-இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் அந்த நாட்டுப் பட்டியலில் 30 வாரம் முதலிடத்தில் இருந்து, மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' வைத்திருந்த சாதனையைத் தாண்டியது. 50-களின் சினிமா வாசனையை இன்றைய பாப்புக்குள் இவ்வளவு லாவகமாகக் கொண்டுவந்தவர்கள் குறைவு. இந்த இசைக்குள் இன்னும் காலெடுத்து வைக்காத நண்பருக்கு முதலில் கொடுக்க ஏற்ற ஆல்பம்.

50-களின் ராக் அண்ட் ரோலுக்கு ஜே.டி. மெக்பர்சன். ஓக்லஹோமாக்காரர், முன்பு பள்ளியில் ஓவிய ஆசிரியர். 2010-இல் வந்த 'சைன்ஸ் அண்ட் சிக்னிஃபயர்ஸ்' ஆல்பத்தை ஜிம்மி சட்டனின் சிகாகோ ஸ்டூடியோவில் பழைய டேப் கருவிகளைக் கொண்டு பதிவு செய்தார்கள். லண்டனில் கிட்டி, டெய்ஸி, லூயிஸ் என்ற உடன்பிறந்தவர்கள் மூவர் இருக்கிறார்கள். மேடையில் பாட்டுக்குப் பாட்டு வாத்தியங்களை மாற்றிக்கொள்வார்கள். அம்மாவும் அப்பாவும் கூடவே பின்னால் நின்று வாசிப்பதும் உண்டு. அந்தக் குடும்பத்தின் உடைகளைப் பார்க்கவே தனியாக நேரம் ஒதுக்கலாம்.

இப்போது சோல், அதாவது தேவாலயப் பாட்டும் ப்ளூஸும் கலந்த கறுப்பின மக்களின் இசை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தப் பட்டியலில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

கேப்ரியல் ராத்தும் நீல் ஷுகர்மனும் 2001-இல் புரூக்ளினில் டாப்டோன் என்ற சின்ன இசை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஒரு பழைய வீட்டை ஸ்டூடியோவாக மாற்றி, கணினியை ஓரம்கட்டி, எட்டுத் தட டேப்பில் குழு முழுவதையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். தடங்கள் எட்டுதான் என்பதால் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை வாசிக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

அந்த நிறுவனத்தின் குரல் ஷாரன் ஜோன்ஸ். 1956-இல் பிறந்தவர். இளமையில் பாடகியாக முயன்றபோது, நீ குள்ளம், குண்டு, ரொம்பக் கறுப்பு, வயதும் ஆகிவிட்டது என்று இசை நிறுவனத்து ஆள் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ரைக்கர்ஸ் ஐலண்ட் சிறையில் காவலராக வேலை பார்த்தார். பணவண்டிக்குக் காவலுக்கும் போனார். முதல் ஆல்பம் 2002-இல் வந்தபோது நாற்பதைக் கடந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் மேடையில் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள், தேக்கிவைத்த வருடங்கள் எல்லாம் ஒன்றாகக் கரையை உடைத்துக்கொண்டு வந்ததுபோல் இருக்கும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடையிலும், மொட்டைத் தலையோடு மேடையேறினார். 2016 நவம்பரில் இறந்தார். '100 டேஸ், 100 நைட்ஸ்' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். அவருக்குப் பின்னால் வாசித்த டாப் கிங்ஸ் குழுவை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். 2006-இல் ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு வாசித்தது அவர்கள்தான்.

சார்லஸ் பிராட்லியின் கதையும் அப்படித்தான். சமையல் வேலை உட்பட என்னென்னவோ வேலைகள் பார்த்துக்கொண்டு, இரவுகளில் சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வேடமிட்டுப் பாடிவந்தவரை டாப்டோன்காரர்கள் கண்டுபிடித்தார்கள். சொந்தப் பெயரில் முதல் ஆல்பம் 2011-இல் வந்தபோது வயது 62. 2017-இல் இறந்துவிட்டார். இடையில் கிடைத்த ஆறு வருடங்களில் மூன்று ஆல்பங்கள். அவர் தொண்டையிலிருந்து எழும் அந்தக் கதறலை 'பழைய பாணி' என்று வகை பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கையே அது.

இதே குடும்பத்தில் இப்போது கேட்க வேண்டியவர்கள் தீ சேக்ரட் சோல்ஸ். சான் டியாகோக்காரர்கள், முதல் ஆல்பம் 2022-இல் வந்தது. ஜாஷ் லேனின் குரல் பட்டு. மெதுவான காதல் பாட்டுகளில் ட்ரம்ஸ் அடக்கமாக, சற்றுப் பின்னால் சாய்ந்து வருவதைக் கவனியுங்கள்.

குரலுக்காக மட்டும் கேட்பவர்களுக்கு இது நல்ல காலம். சமாரா ஜாய் 1999-இல் பிறந்தவர். 2023-இல் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி வாங்கினார். எலா ஃபிட்ஸ்ஜெரால்டு, சாரா வான் என்று பழைய ஜாஸ் பாடகிகளோடு எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: ஃபேட்ஸ் நவாரோவின் பழைய டிரம்பெட் தனிவாசிப்பு ஒன்றுக்குச் சொந்தமாக வரிகள் எழுதிப் பாடியிருக்கிறார். பழையதை அப்படியே ஒப்பிக்காமல் அதன் மேல் ஒரு செங்கல் வைப்பது என்றால் இதுதான். ஐஸ்லாந்தின் லௌஃபே இளையவர்களிடையே பெரிய நட்சத்திரம். 'பிவிட்ச்ட்' ஆல்பத்துக்கு 2024-இல் கிராமி கிடைத்தது. இது ஜாஸா இல்லையா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. பதினேழு வயதுப் பிள்ளைகள் அவர் வழியாக 40-களின் பாட்டுகளுக்குப் போகிறார்கள், எனக்கு அது போதும்.

ஆனால் இந்தத் தலைமுறையில் ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால் செசீல் மெக்லோரின் சால்வன்ட். 'தி விண்டோ' ஆல்பத்தில் பெரும்பாலும் அவர் குரலும் சலிவன் ஃபோர்ட்னரின் பியானோவும் மட்டும்தான். பழைய பாட்டுகளில் இன்று காதுகொடுத்துக் கேட்கக் கூசும் வரிகள் உண்டு: பெண்களை இழிவு செய்பவை, கறுப்பினத்தவரைக் கேலி செய்பவை. அவர் அவற்றிலிருந்து ஓடி ஒளிவதில்லை. தேடி எடுத்து, ஒரு புருவ உயர்த்தலோடு, ஒரு நீட்டலோடு, அந்த வரி யாரைக் காட்டிக்கொடுக்கிறது என்று நமக்குக் கேட்கும்படி பாடுகிறார்.

விண்டேஜ் உடைப் பிரியர்கள் நடுவில் ஒரு வாசகம் சுற்றிவருகிறது: பாணி பழையது, மதிப்பீடுகள் பழையவை அல்ல. நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். நாம் ஆசைப்படும் அந்தக் காலத்தில் இந்த இசையை உருவாக்கியவர்களில் பலர், கறுப்பினத்தவர் என்பதால், தாங்கள் வாசித்த கூடத்தின் முன்வாசல் வழியாக நுழைய முடியாது. பாஞ்சோவையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஆப்பிரிக்க வாத்தியங்களின் வழியில், அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் கையில் பிறந்த வாத்தியம். பிற்பாடு அது வெள்ளைக்காரக் கிராமிய இசையின் சின்னமாகவே ஆகிப்போனது. 2005-இல் கறுப்பின பாஞ்சோ கலைஞர்களின் கூடுகை ஒன்றில் சந்தித்த இளைஞர்கள், எண்பது வயதைக் கடந்த ஃபிடில் (கிராமிய வயலின்) கலைஞர் ஜோ தாம்சனின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ரியானன் கிடன்ஸ் இன்று தனியாகப் பெரிய பெயர். பழைய இசையை மீட்பது என்றால் அதன் சொந்தக்காரர்களையும் சேர்த்து மீட்பது என்பதை இவர்களிடம்தான் பார்த்தேன். அவர்களின் 2010 ஆல்பத்தை எடுத்து, கால் தட்டாமல் கேட்க முடிகிறதா என்று பாருங்கள்.

இன்னும் ஒரு பரிந்துரை. பார்சிலோனாவில் ஜோன் சமோரோ என்ற பாஸ் கலைஞர் 2006-இல் சிறுவர் சிறுமியரைச் சேர்த்து சான்ட் ஆன்ட்ரேயு ஜாஸ் பேண்ட் தொடங்கினார். ஏழெட்டு வயதிலேயே வந்து சேர்கிறார்கள். முதலில் காதால் கேட்டு வாசிக்கப் பழக்குகிறார், அப்புறம்தான் தாள். பத்து வயதுப் பிள்ளை டிரம்பெட்டைத் தூக்கிப்பிடித்து, பெரியவர்களுக்கு நடுவே தன் முறை வரும்வரை கண்கொட்டாமல் நிற்கும் காணொளிகள் ஏராளம். அங்கிருந்து கிளம்பிய ஆன்ட்ரேயா மோடிஸ் டிரம்பெட் வாசித்துக்கொண்டே பாடுகிறார். டிராம்போன் வாசிக்கும் ரீட்டா பாயேஸ், செவ்வியல் கிட்டார் கலைஞரான தன் அம்மா எலிசபெத் ரோமாவோடு சேர்ந்து ஆல்பங்கள் செய்திருக்கிறார். ஒரு டிராம்போன், ஒரு கிட்டார், ஒரு குரல் என்று அவர்கள் இருவர் மட்டும் வாசிக்கும் பாட்டுகளைத் தேடி எடுத்து, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாத ஒரு மாலையில் கேளுங்கள்.